உடம்பு வந்துடுச்சு, ஆளு இன்னும் வரலை

தலைப்பைப் பார்த்துட்டு ஆவி, பேய்னு எதையோ எதிர்பார்த்து ஓடி வந்தவங்க அப்படியே ரிவர்ஸ் கியர் போட்டுடலாம். :-) இது ஆஸ்பத்திரிப் பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல டெக்னாலஜி வரும், கண்டெய்னர் லாரியும் வரும். ஒரு டீயை எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

விஷயம் இதுதான். ஐ.சி.யூ.வுல இருந்து பொழைச்சு வந்தவங்களுக்கு ஞாபகம், கவனம், கணக்குப் போடுற வேகம் இதெல்லாம் திரும்ப வர்றதுக்கு வர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடியை உபயோகப்படுத்திப் பார்க்குறாங்க. தலையில மாட்டிக்கிட்டா வேற உலகத்துக்குள்ள நிக்கிற மாதிரி தெரியுமே, அந்தக் கண்ணாடிதான். இதைப் பத்திப் பேச்சு வந்தா நம்ம ஆளுங்க ரெண்டே பதில்தான் சொல்றாங்க. ஒண்ணு, "ஆஹா, அமெரிக்கா எங்கேயோ போயிடுச்சு." இன்னொண்ணு, "இங்க பெட்டே கிடைக்கலை, இதுல கண்ணாடி ஒரு கேடா?"

எனக்கு ரெண்டுலயும் உடன்பாடு இல்லை. இந்தச் சமாச்சாரம் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக்குத்தான் அதிகமா தேவைன்னு நினைக்கிறேன். ஆனா அதை வைக்க வேண்டிய இடம் ஐ.சி.யூ. இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஆளு மறுபடி வேலைக்குப் போறானே, அந்த வாசல்லதான் வைக்கணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல வியாதி

ஒருத்தர் ரெண்டு வாரம் வென்டிலேட்டர்ல இருக்கார்னு வச்சுக்குங்க. தொண்டைக்குள்ள குழாய். அதைத் தாங்கிக்க மயக்க மருந்து. ராத்திரி பகல் வித்தியாசம் இல்லாம லைட்டு, விடாம கத்துற மானிட்டர், குழாயைப் பிடுங்கிடாம இருக்கக் கையில கட்டு. உடம்பு பூரா கிருமியோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. இதுல மூளையும் சேர்ந்து குழம்பும். டாக்டர்கள் இதுக்கு டெலிரியம்னு பேர் வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல "பெனாத்துறாரு"ன்னு சொல்வோம். கொஞ்சம் பேர் கத்துவாங்க, எழுந்து ஓடப் பார்ப்பாங்க. நிறைய பேர் சத்தமே போடாம கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பாங்க. ரெண்டாவது வகைதான் ஆபத்து, ஏன்னா "பேஷண்ட் அமைதியா இருக்கார்"னு எல்லாரும் நகர்ந்து போயிடுவாங்க.

ஆளு பொழைச்சிட்டா இதுவும் சரியாயிடும்னுதான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2010-ல கூட்டம் போட்டுப் பேசி, 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்'னு ஒரு பேரை வச்சுது. சுருக்கமா பிக்ஸ். ஐ.சி.யூ.வை விட்டு வந்த பிறகும் உடம்புல பலவீனம், மனசுல பயமும் சோர்வும், புத்தியில மந்தம், இந்த மூணுல எது புதுசா வந்தாலும், இருந்தது மோசமானாலும் அதுக்கு இந்தப் பேர். கூட இருந்து பார்த்துக்கிட்ட குடும்பத்துக்கு வர்ற மன பாதிப்பையும் இதோட சேர்த்துத்தான் சொல்றாங்க.

கணக்கு வந்தது 2013-ல. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக டாக்டர்கள் 821 பேரைத் தொடர்ந்து கவனிச்சு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல எழுதினாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப 74 சதவீதம் பேருக்கு டெலிரியம். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் வச்சுப் பார்த்தா, 40 சதவீதம் பேரோட மார்க், தலையில ஓரளவு பலமா அடிபட்டவங்க வாங்குற மார்க் அளவுக்குத்தான் இருந்துது. மொத்தத்துல 26 சதவீதம் பேரோடது இன்னும் கீழ, லேசான அல்சைமர் வந்தவங்க அளவுக்கு. ஒரு வருஷம் கழிச்சும் பெருசா மாறலை: 34, 24. வயசானவங்கதான்னு இல்லை, இளவட்டங்களுக்கும் இதே கதைதான். டெலிரியம் எத்தனை நாள் நீடிச்சுதோ அவ்வளவுக்கு பாதிப்பும் கூட.

அல்சைமர் மாதிரி இது நாளுக்கு நாள் மோசமாகிக்கிட்டே போகணும்னு இல்லை. மெதுவா திரும்பி வர்றவங்க உண்டு. ஆனா அந்த மெதுவுக்கு யார் காசு குடுக்குறா?

கண்டெய்னர் நம்பர்

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேணாம். கண்டெய்னர் யார்டுல டேலி கிளார்க். உள்ள வர்ற வண்டி, வெளிய போற வண்டி, பெட்டி நம்பர், சீல் நம்பர் எல்லாம் சரிபார்த்து எழுதுற வேலை.

கண்டெய்னர் நம்பர் தெரியும்ல? நாலு எழுத்து, ஏழு எண். மொத்தம் பதினொண்ணு. கடைசி எண் சும்மா இல்லை, முன்னாடி இருக்குற பத்தையும் வச்சுக் கணக்குப் போட்டு வர்றது, எழுதும்போது தப்பு நடந்தா மாட்டிக்கிறதுக்காக. அண்ணன் வண்டி நகர்ந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு பார்வை பார்ப்பார், குனிவார், பதினொண்ணையும் எழுதிடுவார். இருபது வருஷப் பழக்கம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன நிமோனியா. ரத்தத்துல கிருமி ஏறி, ஐ.சி.யூ.வுல 19 நாள். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, காப்பாத்தினாங்க, அதுக்குக் கைகூப்பிடுறேன். வீட்டுக்கு வந்தப்ப தெருவே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா போய்ப் பார்த்தோம். கால்ல பலம் இல்லை, பிசியோதெரபி பண்ணி ரெண்டு மாசத்துல நடந்துட்டார். எல்லாரும் சந்தோஷமா "பொழைச்சிட்டாருப்பா"ன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டோம்.

வேலைக்குப் போன முதல் வாரமே தெரிஞ்சுடுச்சு. பெட்டியைப் பார்க்குறார், நோட்டைப் பார்த்துக் குனியுறார், நம்பர் இல்லை. முதல் நாலு எழுத்து நிக்குது, மீதி காத்துல போயிடுது. மறுபடி நிமிர்ந்து பார்க்குறார். அதுக்குள்ள வண்டி நகர்ந்துடுது, பின்னாடி நிக்குற டிரைவர் ஹாரன் அடிக்கிறான். செல்போன்ல போட்டோ எடுத்து வச்சுப் பார்த்து எழுத ஆரம்பிச்சார். சூப்பர்வைசர் கவனிச்சுட்டான். "இன்னாண்ணே, காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டியா?" அண்ணன் வாழ்க்கையில பீரைக்கூடத் தொட்டதில்லை.

அண்ணி எங்க அம்மா கிட்ட சொன்ன வார்த்தைதான் தலைப்பு. "உடம்பு வந்துடுச்சுக்கா, ஆளு இன்னும் வரலை."

இன்னொண்ணும் இருக்கு. ஐ.சி.யூ.வுல இருந்த நாள்ல, தன்னை ஒரு கப்பலோட அடித்தளத்துல கட்டிப் போட்டிருந்ததாவும், முகமூடி போட்ட ஆளுங்க வந்து வந்து தொண்டையில எதையோ இறக்கினதாவும் அவருக்கு ஞாபகம். கனவுன்னு அவருக்கே தெரியும். ஆனா கனவு மாதிரி மங்கலா இல்லையாம். துரு வாசனை வரைக்கும் ஞாபகம் இருக்காம். ஒரு நாள் என்கிட்ட மெல்லமா கேட்டார், "தம்பி, நீ வந்து பார்த்தியா? அது ஆஸ்பத்திரிதானா?"

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை லிஸ்ட், சாப்பாட்டு லிஸ்ட், மறுபடி எப்ப வரணும்னு தேதி. ஞாபகம், கவனம், கனவு பத்தி ஒரு வரி இல்லை.

கண்ணாடி என்ன பண்ணுது?

இப்ப டெக்னாலஜிக்கு வருவோம். இதுவரைக்கும் நடந்தது ரெண்டு விதம்.

ஒண்ணு, அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற விதம். நெதர்லாந்துல ராட்டர்டாம் எராஸ்மஸ் மருத்துவமனையில ஒரு படம் எடுத்தாங்க. ஐ.சி.யூ. கட்டில்ல படுத்திருக்குறவர் கண்ணுல என்ன தெரியுமோ அதே கோணத்துல. கண்ணாடியை மாட்டிக்கிட்டா நீங்க மறுபடி அந்தக் கட்டில்ல. இந்தத் தடவை நர்ஸ் நிதானமா விளக்கிச் சொல்றாங்க: இந்தச் சத்தம் எதுக்கு, இந்தக் குழாய் எதுக்கு, இவங்கெல்லாம் யாரு. தலைக்குள்ள துண்டு துண்டா கிடக்குற பயங்கரத்துக்கு ஒரு ஒழுங்கு கிடைக்குது. 50 பேரை வச்சு முதல்ல செஞ்சப்ப மன உளைச்சல் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் கோவிட் நோயாளிகள் 89 பேரை வச்சுப் பல ஆஸ்பத்திரிகள்ல செஞ்சு 2022-ல முடிவு வந்தப்ப, மன உளைச்சல்ல பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா கண்ணாடி போட்டவங்க, பின்கவனிப்பு நல்லா இருந்துதுன்னு கூடுதலா மார்க் போட்டிருந்தாங்க.

ரெண்டாவது, புத்திக்கே பயிற்சி. ஸ்பெயின்ல சபடெல் ஊர்ல 20 நோயாளிகளுக்கு ஐ.சி.யூ.வுல படுத்திருக்கும்போதே செஞ்சு பார்த்து 2017-ல எழுதினாங்க. தலையில மாட்டுற கண்ணாடி கூட இல்லை அது. எதிர்ல ஒரு திரை, கை அசைவைப் பிடிக்கிற சென்சார், இருபது நிமிஷப் பயிற்சி. செய்ய முடியுது, ஆபத்தில்லைங்கிற அளவுக்குத்தான் அது நிரூபிச்சுது.

ஆக, "கண்ணாடி போட்டா மூளை வந்துடும்"னு இன்னிக்கு எவனாவது பேக்கேஜ் வித்தா நம்பாதீங்க. அதுக்கான ஆதாரம் இன்னும் வரலை. தலைசுத்தலும் வாந்தியும் வர்றவங்க இருக்காங்க. இன்னும் குழப்பம் தெளியாத ஆளுக்கு இன்னொரு பொய் உலகத்தைக் காட்டுறதுல யோசிக்க வேண்டியதும் நிறைய இருக்கு.

இதையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது 2012-ல வாண்டர்பில்ட் ஆளுங்களே செஞ்ச ஒரு குட்டி ஆய்வு. மொத்தம் 21 பேர்தான். கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது. ஐ.சி.யூ.வுல இருந்து வந்தவங்க வீட்டுக்கே போய், மிச்சத்துக்கு வீடியோ மூலமா, 12 வாரம் புத்திக்கும் உடம்புக்கும் அன்றாட வேலைக்கும் சேர்த்துப் பயிற்சி. திட்டம் போட்டு ஒரு வேலையைச் செஞ்சு முடிக்கிற திறமை, பயிற்சி எடுத்தவங்களுக்கு நல்லாவே தேறி இருந்துது. வீட்டுக்கு வந்து ஒரு ஆள் சொல்லிக் குடுக்கணும்ங்கிறதுதான் இதுல முக்கியமான விஷயம். கண்ணாடி அந்த ஆளோட கையில இருக்கலாம்.

கப்பலுக்கு உண்டு, கிரேனுக்கு உண்டு

இப்ப என் வாதத்துக்கு வர்றேன்.

கப்பல் ஓட்டப் படிக்கிற பையனை எடுத்த எடுப்புல கப்பல்ல ஏத்துறதில்லை. சிமுலேட்டர்ல உக்கார வைக்கிறாங்க. சென்னையில அதுக்குன்னே படிப்புகள் இருக்கு. துறைமுகத்துல கண்டெய்னர் கிரேன் பழகுறவங்களுக்கும் உலகம் பூரா சிமுலேட்டர் உண்டு. பத்து மாடி உசரத்துல உக்காந்து நாப்பது அடிப் பெட்டியைத் தூக்குறவன் தப்பு பண்றதா இருந்தா பொய்யான கிரேன்ல பண்ணட்டும், நிஜக் கிரேன்ல வேணாம்னு எல்லாருக்கும் புரியுது.

அதே கிரேன் ஓட்டுற ஆளு 20 நாள் வென்டிலேட்டர்ல இருந்துட்டு வர்றார். பிரஷர் பார்க்குறோம், நெஞ்சு எக்ஸ்ரே பார்க்குறோம், கண்ணு பார்க்குறோம். 'ஃபிட்'னு ஒரு பேப்பர். நேரா மேல ஏத்தி விட்டுடறோம். அவரோட கவனம் எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு யாரும் பார்க்கலை. டிரெய்லர் ஓட்டுறவர், பாய்லர் பக்கத்துல நிக்கிறவர், கேஸ் லைன் வால்வைத் திறந்து மூடுறவர் எல்லாருக்கும் இதே நிலைமைதான். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாய்ல அம்மோனியா கசிஞ்சு ஊரே மூச்சுத் திணறி ஓடுச்சே, அதுக்கும் நான் சொல்றதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா இந்தப் பக்கத்துல ஒரு சின்னத் தவறுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

கண்ணாடியோட நிஜமான பலம் இங்கதான் இருக்கு. அதுக்குள்ள நீங்க தப்பு பண்ணலாம். பெட்டி நம்பரை மறக்கலாம், லாரி வர்றதைப் பார்க்காம எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சூப்பர்வைசர் நக்கல் பண்ண மாட்டான், சம்பளம் பிடிக்க மாட்டான். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். இன்னிக்கு அஞ்சு எழுத்து நின்னுதா, அடுத்த வாரம் ஏழு நிக்கட்டும். பேப்பர்ல பென்சிலை வச்சுக்கிட்டு இந்தப் பழக்கத்தைக் கொண்டு வர முடியாது, நிஜ யார்டுலயும் முடியாது. நடுவுல ஒரு இடம் வேணும். அந்த இடம்தான் இது.

ஆனா ஒரு கண்டிஷன். அந்தக் கண்ணாடிக்குள்ள எங்க ஊர் இருக்கணும்.

வெளிநாட்டுல இந்த மாதிரி பயிற்சிக்குப் பொய்யான சூப்பர் மார்க்கெட் ஒண்ணு செஞ்சு, வண்டியைத் தள்ளிக்கிட்டு லிஸ்ட்ல இருக்குற சாமானை எடுக்கச் சொல்றாங்க. அவங்களுக்கு அது சரி. காசிமேட்டுல மீன் விக்கிற ஆயாவுக்கு சீரியல் டப்பா அலமாரி எதுக்கு? விடிகாலை ஏலத்துல எந்தப் போட்டு, எத்தனை கூடை, என்ன விலைக்குக் கேட்டோம், யாருக்குக் கடன் குடுத்தோம், யார் பாக்கி வச்சிருக்காங்க, இது அத்தனையும் எழுதாம தலையிலேயே வச்சிருந்தவங்க அவங்க. அந்தக் கணக்குதான் அவங்க கடை. அது போச்சுன்னா கடை போச்சு. அவங்களுக்கு வேண்டியது காசிமேட்டு ஏலக் கூச்சலும், கூறு கட்டி வச்ச மீனும், பேரம் பேசுற பொம்பளையும்தான்.

டெஸ்ட்டும் அப்படித்தான். மோகான்னு ஒரு முப்பது மார்க் பரீட்சை உலகம் பூரா வைக்கிறாங்க. கடிகாரம் வரையணும், நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வரணும். பன்னெண்டு வருஷமோ அதுக்குக் குறைச்சலோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் சேர்த்துக் குடுப்பாங்க. அவ்வளவுதான் சலுகை. பென்சிலே பிடிக்காத ஆயாவுக்கு ஐ.சி.யூ.வுக்கு முன்னாடியும் இதுல மார்க் வந்திருக்காது. ஆனா மூணு கூடை சங்கராவும் ரெண்டு கூடை நெத்திலியும் என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க, கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடும். எதை இழந்தாங்களோ அதை வச்சுத்தான் அளக்கணும்.

இதைச் செய்யுற ஆளு நம்ம கிட்ட இல்லாம இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில இந்த வர்ச்சுவல் ரியாலிட்டிக்குன்னே எக்ஸ்டிக்னு ஒரு மையம் இருக்கு. அதே ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து, பக்கவாதம் வந்தவங்க கைக்குப் பயிற்சி குடுக்குற புளூட்டோங்கிற சின்ன ரோபோவை உண்டாக்கினாங்க. கைக்குச் செஞ்சவங்க புத்திக்கும் செய்யலாம். காசிமேடு கிண்டியில இருந்து ஒண்ணும் அமெரிக்கா தூரம் இல்லை.

"முதல்ல பெட்டு குடுங்கப்பா"

இந்த ஆட்சேபம் வரும்னு தெரியும். நியாயமானதுதான். பெட்டு குறைவுதான், நர்ஸ் குறைவுதான். ஆனா ஒரு ஆளைப் பொழைக்க வைக்கிறதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு, அவர் சம்பாதிக்க முடியாம வீட்டுல உக்காந்தா அந்தச் செலவுக்கு என்ன அர்த்தம்? ஒரு கண்ணாடி விலை ஒரு நல்ல செல்போன் விலைதான். ஒரு ஏரியாவுக்கு ஒண்ணு இருந்தாலே மாத்தி மாத்தி உபயோகிக்கலாம்.

கண்ணாடிக்கு முன்னாடி செய்ய வேண்டிய செலவில்லாத வேலையும் இருக்கு. கட்டில்ல இருந்து தெரியுற மாதிரி ஒரு கடிகாரம். அவரோட மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டி விடுறது. தினம் கொஞ்ச நேரமாவது வீட்டு ஆளை உள்ள விடுறது. அப்புறம் ஒரு இருபது ரூபா நோட்டு. ஐரோப்பாவுல நர்ஸுங்களும் குடும்பமும் சேர்ந்து நோயாளிக்காக டைரி எழுதுறாங்க: இன்னிக்கு ஜுரம் குறைஞ்சுது, உன் பொண்ணு வந்துட்டுப் போனா, கையைப் பிடிச்சப்ப அழுத்தின. 2010-ல 352 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வுல, டைரி கிடைச்சவங்கள்ல 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவங்கள்ல 13 சதவீதம் பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் புதுசா வந்துது. 2019-ல பிரான்சுல 657 பேரை வச்சுச் செஞ்சப்ப வித்தியாசம் தெரியலை. சரி, மருந்தா வேலை செய்யலைன்னே வச்சுக்குங்க. "அது ஆஸ்பத்திரிதானா?"ன்னு கேக்குற மனுஷனுக்குப் பதிலா நீட்டுறதுக்கு ஒரு நோட்டு இருந்தா வேணாம்னா சொல்வோம்?

இதை விடப் பெரிய ஆட்சேபம் ஒண்ணு இருக்கு. அதை யாரும் சொல்றதில்லை, நானே சொல்லிடறேன். புத்தியை அளக்க ஆரம்பிச்சா, அந்த மார்க்கை வச்சே காண்ட்ராக்டர் ஆளை வெளிய அனுப்பிடுவான். "உனக்கு முப்பதுக்குப் பதினெட்டுப்பா, நாளையில இருந்து வராத." வட சென்னையில பாதி வேலை காண்ட்ராக்ட் வேலைதான், வெளிய அனுப்ப ஒரு காரணம் கிடைச்சாப் போதும். இந்தப் பயத்துலதான் குடும்பங்கள் மூடி மறைக்கிறாங்க. அண்ணன் போட்டோ எடுத்து எழுதினது கூட அதனாலதான்.

அதனால அளக்குறதும் காப்பாத்துறதும் ஒண்ணா வரணும். மார்க் தொழிலாளிக்குச் சொந்தம், முதலாளிக்கு இல்லை. தேறி வர்ற வரைக்கும் லேசான வேலை, சம்பளப் பாதுகாப்பு. இ.எஸ்.ஐ.யில உடம்பு சரியில்லாத காலத்துக்கு 70 சதவீதக் கூலி, வருஷத்துக்கு 91 நாள். அதாவது மூணு மாசம். மேல சொன்ன கணக்கை ஞாபகப்படுத்திக்குங்க: மூணு மாசம் முடியும்போதுதான் நூத்துக்கு நாப்பது பேர் இன்னும் தேறாம இருந்தாங்க. பணம் நிக்கிற நாளும் இதுவும் ஒண்ணா வருது. காசநோய், புத்துநோய் மாதிரி நீண்ட நோய்களுக்கு இ.எஸ்.ஐ.யில தனிப் பட்டியல் இருக்கு, அதுல இருந்தா 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும். ஐ.சி.யூ.வுக்குப் பிந்தைய இந்த பாதிப்புக்கும் அந்தப் பட்டியல்ல ஒரு வரி வேணும்.

மீனுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் குடுக்குறோம், குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும்னு. சாவு வரைக்கும் போய்ட்டு வந்த மனுஷனோட மூளைக்குத் தடைக்காலம் எத்தனை நாள்?

நான் கேக்குறது

பெருசா ஒண்ணும் இல்லை, நாலே விஷயம்.

1. மூணு நாளுக்கு மேல ஐ.சி.யூ.வுல இருந்த எல்லாருக்கும் டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஞாபகம், கவனம், கனவு பத்தி ஒரு பத்தி. வீட்டு ஆளுங்களுக்குத் தமிழ்ல ரெண்டு பக்கம்: "இதெல்லாம் வரலாம், இது பைத்தியம் இல்லை, மந்திரிக்கத் தேவையில்லை, இங்க வந்து கேளுங்க."

2. மூணாவது மாசமும் பன்னெண்டாவது மாசமும் ஒரு பரிசோதனை. ஸ்டான்லியில வாரத்துக்கு ஒரு மத்தியானம் இதுக்குன்னு ஒரு ஓ.பி. போட்டாலே இந்தப் பக்கம் பூராவுக்கும் ஆரம்பம் கிடைச்சுடும்.

3. 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சப்ப, பிரஷர், சுகர் மாத்திரையோட பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வந்துது. அந்த வழியிலேயே புத்திக்கான பயிற்சியும் வரட்டும். அந்தப் பையில ஒரு கண்ணாடி. அதுக்குள்ள ஸ்டான்லி வார்டும் காசிமேட்டு ஏலமும் காலடிப்பேட்டை மார்க்கெட்டும் யார்டு கேட்டும். பேசுறது நம்ம மெட்ராஸ் தமிழ்ல.

4. அதே 2021 டிசம்பர்ல விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைன்னு 'நம்மைக் காக்கும் 48' வந்துது. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. அதோட ரெண்டாம் பாகமா, வீட்டுக்கு வந்த அப்புறம் 48 நாள்னு ஒண்ணு யோசிக்கலாமே. ஒரு மண்டலம்னா நம்ம ஆளுங்களுக்குப் புதுசா சொல்லித் தர வேண்டியதில்லை. :-)

ஸ்டான்லிக்கு எங்க பக்கம் பெருசுங்க வச்ச பேர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பஞ்சத்துல அடிபட்டு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளர்ந்த இடம் அது. பொழைச்சு வந்தவனை "போய்ட்டு வா"ன்னு அனுப்பாம, தெம்பு வர்ற வரைக்கும் கஞ்சி ஊத்தணும்ங்கிற புத்தி அந்த மண்ணுலயே இருந்திருக்கு. இப்ப ஊத்த வேண்டிய கஞ்சி வேற, அவ்வளவுதான்.

பதிவுலக டாக்டர்கள், நர்ஸுங்க, பிசியோதெரபிஸ்டுங்க யாராவது இதைப் படிச்சா உங்க வார்டுல டெலிரியத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: கேம் செய்யத் தெரிஞ்சவங்க ஒரு யார்டு கேட்டைச் செஞ்சு காட்டுங்க, நம்பரை நான் வாங்கித் தர்றேன். வீட்டுல யாராவது ஐ.சி.யூ.வுல இருந்து வந்திருந்தா, "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா"வோட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "அங்க இருந்தப்ப என்ன பார்த்தீங்க?" சொல்ல விடுங்க. சிரிக்காதீங்க.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்துறது, ஆன்லைன்ல கண்ணாடி வாங்கி தாத்தா தலையில மாட்டுறது எல்லாம் வேண்டாம்.

டிஸ்கி 2: அண்ணன் கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். இப்ப யார்டுலயே உள்வேலைக்கு மாத்திக்கிட்டார். போன வாரம் கேட்டப்ப ஏழு எழுத்து வரைக்கும் நிக்குதாம்.